பிரின்ஸ்டன் ஜங்ஷன் பக்கம் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

மார்ச் பிறந்தால் போதும், நியூ ஜெர்சித் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தக் கேள்வி வந்துவிடும்: வெஸ்ட் விண்ட்சரா, பிளெயின்ஸ்பரோவா, எடிசனா? பதில் சொல்கிறவர்கள் பள்ளி ரேட்டிங்கையும், இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோடு எத்தனை நிமிடம் என்பதையும் சொல்லி முடித்துவிடுவார்கள். கேட்டவரும் விற்கும் வீட்டைத் திறந்து காட்டும் ஞாயிற்றுக்கிழமை ஓபன் ஹவுஸுக்குப் போய் கிச்சன் கிரானைட்டைத் தடவிப் பார்த்துவிட்டு ஆஃபர் போட்டுவிடுவார்.

என்னைக் கேட்டால், நியூயார்க்குக்கு ரயிலேற வசதியான இந்த ரயிலடி ஊர்களில் நாம் கொடுக்கும் காசில் வீட்டுக்குப் போவது கொஞ்சம், கோட்டுக்குப் போவதுதான் அதிகம். டவுன்ஷிப் கோடு, கவுண்டி கோடு, பள்ளிக் கோடு, வெள்ளக் கோடு. எதுவும் தரையில் தெரியாது, எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. அதைப் படிக்க ஒரு மாலைப் பொழுது போதும். ஆனால் யாரும் படிப்பதில்லை.

முகவரியிலிருந்தே ஆரம்பிக்கலாம். ‘பிரின்ஸ்டன், நியூ ஜெர்சி’ என்று லிஸ்டிங்கில் போட்டிருந்தால் வீடு பிரின்ஸ்டனில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது தபால் நிலையத்தின் பெயர், அவ்வளவுதான். அதே முகவரியோடு வெஸ்ட் விண்ட்சர், பிளெயின்ஸ்பரோ, சவுத் பிரன்ஸ்விக், மாண்ட்கமரி, லாரன்ஸ் ஆகிய டவுன்ஷிப்களிலும் வீடுகள் உண்டு. டவுன்ஷிப் மாறினால் வரி மாறும், பெரும்பாலும் பள்ளி மாவட்டமும் மாறும். வெஸ்ட் விண்ட்சரும் பிளெயின்ஸ்பரோவும் மட்டும் ஒரே பள்ளி மாவட்டம். அதற்குள்ளும் நார்த், சவுத் என்று இரண்டு உயர்நிலைப் பள்ளிகள். எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்பதைப் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் முகவரியைச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் சொன்னதும் ரியல் எஸ்டேட் செயலியில் பார்த்ததும் கணக்கில் வராது. இன்றைய கோடு நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும் என்று மாவட்டம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கவுண்டி கோடு இன்னும் விசித்திரம். வெஸ்ட் விண்ட்சர் மெர்சர் கவுண்டி. பக்கத்து பிளெயின்ஸ்பரோ மிடில்செக்ஸ். அரசு சார்ந்த நிறுவனங்கள் வங்கிகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும் சாதாரண வீட்டுக் கடனுக்கு 2025இல் மெர்சரில் உச்சவரம்பு 8,06,500 டாலர். மிடில்செக்ஸ் நியூயார்க் பெருநகரக் கணக்கில் சேர்ந்துவிடுவதால் அங்கே 12,09,750. அதனால் 9 லட்சம் டாலர் கடன் பிளெயின்ஸ்பரோவில் சாதாரணக் கடன், கொஞ்ச தூரம் தள்ளி வெஸ்ட் விண்ட்சரில் வரம்பைத் தாண்டிய ஜம்போ கடன். ஜம்போ என்றால் வட்டி, கையிருப்பு, முன்பணம் எல்லாவற்றுக்கும் வங்கி தனியாக விதி வைக்கும். இந்த வரம்பு ஆண்டுதோறும் மாறும், அந்தந்த வருடத்துக்கானதைப் பாருங்கள்.

இனி ப்ராப்பர்ட்டி டாக்ஸ். அமெரிக்காவிலேயே சராசரி சொத்து வரி அதிகமுள்ள மாநிலம் நியூ ஜெர்சிதான். பெரும்பாலோர் விலையைப் பார்த்துவிட்டு வரியை ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். 9 லட்சம் டாலர் வீடு, 20 சதவீதம் முன்பணம் போக 7,20,000 கடன், 6.5 சதவீத வட்டி, 30 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 4,550 டாலர். வருட வரி 18,000 என்றால் மாதம் 1,500. இன்ஷூரன்ஸ் 200 என்று வைத்தால் மொத்தம் 6,250. அதே விலையில், வரி 12,000 மட்டும் உள்ள வீடு கிடைத்தால் மாதம் 500 மிச்சம். அந்த 500 டாலர் அதே வட்டியில் ஏறக்குறைய 79,000 டாலர் கடனைத் தாங்கும். விலையில் 10,000 குறைக்க ஒரு வாரம் மல்லுக்கட்டுகிறவர்கள் இந்த 79,000ஐக் கவனிக்காமல் போவதுதான் எனக்குப் புரியாத விஷயம். கடன் 30 வருடத்தில் முடியும், வரிக்கு முடிவே கிடையாது.

வரி விகிதத்தைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். எடிசனில், டவுன்ஷிப் வரிக்காகப் போட்ட மதிப்பீட்டின் 100 டாலருக்கு 5 டாலருக்கு மேல் விகிதம். கேட்டால் தலை சுற்றும். ஆனால் அங்கே மதிப்பீடு பழசு, சந்தை விலையில் பாதிகூட இருக்காது. வேறோர் ஊரில் விகிதம் பாதியாக இருக்கும், மதிப்பீடு இரண்டு மடங்காக இருக்கும். ஒப்பிட வேண்டியது விகிதத்தை அல்ல, போன வருடம் கட்டிய மொத்தத் தொகையை நீங்கள் கொடுக்கப்போகும் விலையால் வகுத்தால் வரும் எண்ணை.

அந்த ‘போன வருடத் தொகை’யிலும் மூன்று பொறி உண்டு. முதலாவது, விற்பவருக்குச் சலுகை இருந்திருக்கலாம். நூறு சதவீத ஊனமுற்ற முன்னாள் படைவீரர் என்றால் அவருக்கு வரியே இல்லை, அடுத்து வருகிறவருக்கு முழு வரி. இரண்டாவது, பெரிய மனையாக இருந்தால் விவசாய நிலம் என்ற மதிப்பீட்டில் இருக்கலாம். பயன்பாடு மாறினால் பழைய வருடங்களுக்கும் சேர்த்து வரி திரும்ப வசூலிப்பார்கள். மூன்றாவதுதான் நம்மவர்கள் அதிகம் மாட்டுவது: புது வீடு. லிஸ்டிங்கில் காட்டும் வரி வெறும் மனைக்கு. வீடு கட்டி முடிந்தபின் டவுன்ஷிப் அதைத் தனியாக மதிப்பிட்டு, அந்த வருட அக்டோபரில் கூடுதல் பில் அனுப்பும். அது நவம்பர் 1க்குள் கட்ட வேண்டியது. கடன் கொடுத்தவர் மனை வரியை வைத்து மட்டும் எஸ்க்ரோ, அதாவது வரி கட்டத் தவணையோடு சேர்த்து வாங்கும் பணம், பிடித்திருந்தால், அடுத்த வருடம் பற்றாக்குறையையும் சேர்த்து மாதத் தவணை பல நூறு டாலர் எகிறும். புது வீடு வாங்குகிறவர்கள் டவுன்ஷிப் மதிப்பீட்டாளர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, கட்டி முடிந்தபின் தோராயமாக என்ன வரி வரும் என்று கேட்டு, அந்தத் தொகையையே எஸ்க்ரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு வரி அதிகம் என்று தோன்றினால் மேல்முறையீடு உண்டு. பெரும்பாலான கவுண்டிகளில் கடைசி நாள் ஏப்ரல் 1, மான்மத் போன்ற சிலவற்றில் ஜனவரி 15. உங்கள் மதிப்பீட்டை உண்மை விலையால் வகுத்தால் வருவது ஊரின் சராசரி மதிப்பீட்டு விகிதத்தைவிட 15 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால்தான் வழக்கு நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் குறைவாகக் கட்டுகிறார் என்பது வாதமாகாது.

சொத்து வரியை வருமான வரியில் கழிக்கலாமே என்பார்கள். 2018 முதல் மாநில, உள்ளூர் வரிக்கு 10,000 டாலர்தான் கழிவு என்றிருந்தது, 2025இல் 40,000 ஆக்கினார்கள். வருமானம் சுமார் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் அதுவும் கரைய ஆரம்பிக்கும்.

வீட்டுக்குள் போவோம். கிரானைட்டை விடுங்கள், நேரே பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள். சுவரின் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஈரம் வந்து போகிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த பேஸ்மென்ட் என்றால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். தரையடித் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் இருக்கிறதா, அதற்கு பேட்டரி பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள். 2021இல் ஐடா புயல் கொட்டியது போன்ற மழை வந்தால் கரன்ட்டும் போகும், பம்ப்பும் நிற்கும், தண்ணீர் மட்டும் நிற்காது. சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் வெளியிலிருந்து வரும் வெள்ளத்துக்குப் பணம் தராது. சம்ப் பம்ப் வழிந்தாலோ சாக்கடை எதிர்த்து வந்தாலோ கிடைக்க, பாலிசியோடு தனி இணைப்பு வாங்க வேண்டும். வெள்ளக் காப்பீடு அதற்கும் தனி, பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். 2024 மார்ச் முதல் நியூ ஜெர்சியில் விற்பவர் வெள்ள விவரத்தை எழுத்தில் சொல்லியாக வேண்டும். அந்தப் படிவத்தை ஆஃபருக்கு முன்பே கேளுங்கள்.

இன்ஸ்பெக்‌ஷனில் வீட்டின் வயதுக்கு ஏற்ற கேள்விகள் வேண்டும். பழைய வீடு என்றால் தரைக்கடியில் ஹீட்டிங் எண்ணெய்த் தொட்டி இருக்கிறதா என்று கருவி வைத்துத் தேடச் சொல்லுங்கள், இப்போது கேஸில் ஹீட்டிங் ஓடினாலும் சரி. கசிந்த தொட்டி என்றால் மண்ணை அகற்றும் செலவு வீட்டு உரிமையாளர் தலையில், அதாவது உங்கள் தலையில். எண்பதுகளில் கட்டிய டவுன்ஹோம்களில் இரண்டு சமாசாரம் முக்கியம். சாம்பல் நிற பாலிபியூட்டிலீன் தண்ணீர்க் குழாய், குளோரின் பட்டுப் பட்டு உள்ளிருந்தே நொறுங்கும். அடுத்தது, பக்கத்து வீட்டோடு சேரும் சுவரை ஒட்டிக் கூரையில் போட்ட தீத்தடுப்பு பிளைவுட். கூரைச் சூட்டில் அந்த ரசாயனமே மரத்தைத் தின்று கருக்கிவிட்டது, நியூ ஜெர்சியில் அப்போது பெரிய பிரச்சினையாக வெடித்த விஷயம் இது. மாற்றியிருக்கிறார்களா என்று அட்டிக்கில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானுக்குச் சோதனை குறைந்தது 48 மணி நேரம், ஜன்னல்கள் மூடியபடி. லிட்டருக்கு 4 பிகோகியூரியைத் தொட்டால் குழாயும் விசிறியும் வைத்துச் சரிசெய்ய வேண்டும். அதற்காக வீட்டை விட்டுவிட வேண்டியதில்லை, தீரக்கூடிய வியாதிதான்.

டவுன்ஹோம் என்றால் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கையிருப்பு நிதி ஆய்வறிக்கையையும் கடந்த இரண்டு வருடக் கூட்டக் குறிப்புகளையும் வாங்கிப் படியுங்கள். மாதக் கட்டணம் குறைவாக இருக்கும் சங்கம்தான் கூரை மாற்றும் வருடத்தில் தலைக்கு இவ்வளவு என்று வசூலுக்கு வரும்.

வாஸ்து பற்றி ஒரு வார்த்தை. கிழக்கு வாசல், வடக்கு வாசல் வீடுகளுக்கு இந்த ஊர்களில் நம்மவர்களே போட்டி போட்டு விலையை ஏற்றிவைத்திருக்கிறோம். நம்பிக்கை உங்களுடையது. ஆனால் தெற்குப் பார்த்த வீட்டின் டிரைவ்வேயில் பனி சீக்கிரம் உருகும்.

ஆஃபர் ஏற்கப்பட்டதும் இனிப்பு கொடுக்காதீர்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு மூன்று வேலை நாள், வக்கீல்கள் அதைப் பரிசீலிக்கும் அட்டர்னி ரிவ்யூ. பெரும்பாலும் அது நீளும். அது முடியும் வரை யார் வேண்டுமானாலும் விலகலாம், விற்பவர் இன்னொருவரின் கூடுதல் ஆஃபரையும் எடுக்கலாம். அதனால் ஆஃபர் போடும் முன்பே வக்கீல் தயாராக இருக்க வேண்டும். போட்டியில் ஜெயிக்க இன்ஸ்பெக்‌ஷனையே விட்டுக்கொடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சில்லறைப் பழுதுகளைக் கேட்க மாட்டோம், அஸ்திவாரம், கூரை, எண்ணெய்த் தொட்டி, ரேடான், கரையான் இவற்றை மட்டும் கேட்போம் என்று எழுதலாம். அப்ரைசல் இடைவெளியையும் கணக்குப் போட்டு வையுங்கள். 9.5 லட்சத்துக்கு ஆஃபர், வங்கி மதிப்பு 9 லட்சம் என்றால் வங்கி அதில் 80 சதவீதமான 7.2 லட்சம்தான் தரும். 1.9 லட்சம் வைத்திருந்தவருக்கு இப்போது 2.3 லட்சம் வேண்டும்.

எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு: 2025 மே 25 முதல் அரசு காப்பீடு உள்ள எஃப்எச்ஏ கடன் கிடையாது. சாதாரணக் கடன் கிடைக்கும். வேலை போனால் 60 நாள் அவகாசம்தான் என்பதால், சேமிப்பைத் துடைத்து முன்பணமாகக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு குடியேறுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆறு மாதத் தவணை தனியாக இருக்கட்டும், அதற்காக ஒரு படுக்கையறை குறைந்தாலும் பரவாயில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா பணம் அனுப்பினால் வங்கி அன்பளிப்புக் கடிதம் கேட்கும். வருடத்தில் 1 லட்சம் டாலரைத் தாண்டினால் அமெரிக்க வருமான வரித் துறைக்கு 3520 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். வரி இல்லை, ஆனால் படிவத்தை மறந்தால் அபராதம் பலமாக விழும். இந்தியாவில் அவர்கள் பக்கம், ஆளுக்கு வருடம் 2,50,000 டாலர் வரம்பு, 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும். அதை அவர்கள் வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனால் கையில் வர மாதங்கள் ஆகும். எனவே வீடு கைமாறும் க்ளோசிங் தேதிக்கு ரொம்ப முன்பே அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக ரயில், இத்தனை விலைக்கும் மூல காரணம். பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து நியூயார்க் பென் ஸ்டேஷனுக்கு மாதப் பாஸ் 500 டாலரைத் தாண்டும். 2024 ஜூலையில் 15 சதவீதம் ஏற்றினார்கள், அதன்பின் வருடம் 3 சதவீதம் ஏறும். இந்த ரயில் ஹட்சன் நதிக்கடியில் போகும் சுரங்கம் 1910இல் திறந்தது, 2012 சாண்டி புயலில் உப்புத்தண்ணீர் குடித்தது. ஹாக்கென்சாக் ஆற்றின் போர்ட்டல் பாலமும் அதே 1910. படகுக்குத் திறந்துவிட்டு மூடாமல் அடம்பிடித்த சரித்திரம் அதற்கு உண்டு, மாற்றுப் பாலத்துக்கு 2022இல்தான் பிரதான வேலை தொடங்கியது. வாரம் ஒரு நாள் ஆபீஸ் போகிறவர் இந்த ரயிலடிக்கு விலை கொடுக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ராபின்ஸ்வில், ஹில்ஸ்பரோ பக்கம் பாருங்கள்.

நான்கைந்து நாள் போகிறவர் என்றால், ஸ்டேஷன் பார்க்கிங்கை முதலில் விசாரியுங்கள். கோவிட்டுக்கு முன் வெஸ்ட் விண்ட்சரில் பெர்மிட்டுக்கு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருப்புப் பட்டியல் இப்போது எவ்வளவு நீளம் என்று பார்க்கிங் அத்தாரிட்டியிடமே கேட்கலாம். பிறகு ஆஃபருக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, காரை நிறுத்தி, ரயிலேறி, ஆபீஸ் லிஃப்ட் வரை போய் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் திரும்பி வரும் நேரத்தையும் குறியுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது. லிஸ்டிங்கில் ‘ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம்’ என்று எழுதியவர் அதை ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்திருப்பார்.