நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கு

வீட்டில் கிடையாகக் கிடக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு உறவும் ஊரும் செய்யக்கூடிய பெரிய உதவி, வாரத்தில் சில மணி நேரமாவது அவருடைய இடத்தில் தாங்கள் உட்கார்ந்துகொண்டு அவரை வெளியே அனுப்பிவைப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து. பணம் தேவைதான், மருந்து தேவைதான், ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவதையும் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் இவையெல்லாம் வந்து சேர்ந்த பிறகும், மாற்று ஆள் இல்லாத வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் முடிவெட்டிக்கொள்ளப் போவதற்குக்கூட நாள் பார்க்க வேண்டியிருக்கிறது.

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், வீட்டின் முன்னறையிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் இது இயல்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருகிறார்கள். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா" என்று என்னைப் பாராட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும் என்பதும், நீர்த்த பானங்கள் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கினால் அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம் என்பதும் வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால், அன்போடு தம்ளரைத் தூக்குகிற பெரியம்மாவின் கையைப் பக்குவமாகத் தடுப்பதும் என் வேலைகளில் ஒன்றாகிவிடுகிறது.

அந்தப் பாராட்டுதான் எனக்குக் கூடுதல் சங்கடத்தைத் தருகிறது. எங்கள் தெருவிலேயே, எனக்கு மதினி முறை வேண்டிய ஒருவர், தன் மாமியாரை என்னைவிட நெடுங்காலமாகப் பார்த்துவருகிறார். அவர் பீடி சுற்றுகிறவர். மடியில் சொளவை வைத்துக்கொண்டு, வெட்டிய இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டும்போதே ஒரு கண் கட்டிலின்மேல் இருக்கும். மாமியார் கூப்பிட்டால், புகையிலைத் தூள் ஒட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நனைந்த சீலையை மாற்றி, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுத் திரும்ப வருவதற்குள், நனைத்து வைத்த இலை காய்ந்து போயிருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு ஒவ்வொரு முறை எழுந்திருப்பதும் கூலிக் குறைவுதான். அவரிடம் யாரும் "இப்படி ஒரு மருமகளா" என்று வியந்து நான் கேட்டதில்லை. ஆண் செய்தால் தியாகம், பெண் செய்தால் கடமை என்று ஊர் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவினையால் லாபம் அடைகிறவன் என்ற முறையில் இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கே உண்டு. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுவதாகவும், ஆண்களில் அது 21.4 சதவீதம்தான் என்றும் கூறுகிறது. அந்தப் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சுமார் 140 நிமிடமும், ஆண்கள் 74 நிமிடமும் செலவிடுகிறார்கள். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் கணக்கு வேறு.

எப்படி வேறு என்பதற்குப் படுக்கைப்புண் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். தானாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பின் பின்புறம், குதிகால், தொடை எலும்பு துருத்தும் இடம் ஆகியவற்றில் ரத்த ஓட்டம் நின்று தோல் சிவந்து, பிறகு உரியத் தொடங்கும். காற்று மெத்தை வாங்கிப் போட்டாலும் புரட்டிவிடும் வேலை ஒழியாது. இரண்டு பேர் இருந்தால், உடம்புக்குக் கீழே குறுக்காக விரித்த போர்வையின் இரு ஓரங்களைப் பிடித்து அலுங்காமல் நகர்த்திவிடலாம். ஒருவரே செய்யும்போது, முதலில் முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்துத் தம் பக்கமாகச் சாய்த்து, முதுகுக்கு ஒரு தலையணையும் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையும் செருக வேண்டும். இழுத்தால் தோல் உராய்ந்து புண்ணாகும். அவசரப்பட்டால் செயலிழந்த தோள் இறங்கிவிடும். பத்தாவது படிக்கும் பையன்கூட ஒரு மாலையில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான் இது. ஆனாலும் இரவும் பகலும் ஒரே ஆள் இதைச் செய்யும்போது, சீக்கிரமே அந்த ஆளுக்கும் இடுப்பு வலி வந்துவிடுகிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறை சிகிச்சையும், வலி தணிப்புப் பராமரிப்பும் அதே திட்டத்தில் உண்டு. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பெரும்பாலும் நம் ஊர் மகளிர் குழுவைச் சேர்ந்தவர்தான். அவர் வரும்போது நோயாளிக்கு மட்டும் அழுத்தம் பார்க்கச் சொல்லாமல், உங்கள் கையையும் நீட்டுங்கள் என்று பார்த்துக்கொள்கிறவர்களிடம் நான் சொல்லிவருகிறேன். தம் மாத்திரையை மறந்துவிட்டு மாமியாரின் மாத்திரையை மணி தவறாமல் கொடுக்கிறவர்கள் நம்மிடையே அதிகம். தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் அழுகை வருகிற நிலைக்குப் போய்விட்டால் மனநல உதவிக்கான 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. முதியோர் தொடர்பான மற்ற உதவிகளுக்கு 14567 இருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை, 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள், பார்கின்சன் நோயாளிகள், தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் உள்ளிட்ட சில பிரிவினருக்குத் தமிழக அரசு தரும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் அதற்கு மருத்துவச் சான்று வேண்டும், அடையாள அட்டை வேண்டும், மனு கொடுக்க வேண்டும். மனு கொடுக்கிற இடம் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகம், நாள் திங்கட்கிழமை. மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்பதற்காக உதவி கேட்கப் போகிறவர், அந்த ஒரு நாளுக்கு ஆள் தேட வேண்டிய விசித்திரம் இங்கேதான் நடக்கிறது. ஆட்சியர் அலுவலகம் வரை போகாமல், வீடு தேடி வரும் செவிலியரே படிவத்தை வாங்கிக்கொண்டு போகும்படி செய்வது அப்படியொன்றும் இயலாத காரியமில்லை.

மேலும், இந்தப் பராமரிப்பு உதவித்தொகை பாதிக்கப்பட்டவருக்கானது, பார்த்துக்கொள்கிறவருக்கானது அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதையும் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் சேர்க்கச் சொல்கிறது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளத்தில், படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கென்றே ஆஸ்வாசகிரணம் என்று ஒரு திட்டம் வைத்து மாதம் 600 ரூபாய் கொடுக்கிறார்கள். தொகை சிறிது; அதுவும் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றதுண்டு. இருந்தாலும், பார்த்துக்கொள்கிறவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை அரசின் பதிவேடு ஒப்புக்கொண்டுவிட்டது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையிலும் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் நம் தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கத்தில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும்போதே பெற்றோருக்கும் சேர்த்தே சொல்லித் தருகிறார்கள். முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அப்படியொரு பயிற்சி நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாதம் ஒருமுறையாவது நடக்க வேண்டும்.

இனி, சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் உடன்பிறந்தவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பணம் அனுப்புகிறார்கள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. வீடியோ காலில் "அம்மா ஏன் இப்படி மெலிஞ்சிருக்கா?" என்று கேட்பதையும் பாசத்தின் கணக்கிலேயே வரவு வைக்கலாம். ஆனால் லீவுக்கு ஊருக்கு வரும்போது அவர்கள் விருந்தாளிகளாக வருகிறார்கள் என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் கதை. நோயாளிக்கான கஞ்சியோடு, வந்தவர்களுக்கு மீன் குழம்பும் பிள்ளைகளுக்குத் தனிப் பலகாரமும் செய்து, எல்லாரும் குற்றாலம் போகும்போது வீட்டில் தங்குகிறவர் எப்போதும் தங்குகிறவர்தான். லீவில் வருகிற அண்ணன், தம்பி, அக்காள், தங்கை யாராக இருந்தாலும், வந்த மறுநாளே பொறுப்பை எழுதி வாங்கிக்கொண்டு, பார்த்துக்கொள்கிறவரை நாலு நாளாவது வெளியூருக்கு அனுப்ப வேண்டும். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் எப்போது படுக்கவைப்பது என்பதை ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டிவிட்டால் யாராலும் செய்ய முடியும். நாலு நாள் செய்து பார்த்தவர் அதன் பிறகு வீடியோ காலில் கேட்கும் கேள்விகளே மாறிவிடுவதை நான் சில வீடுகளில் கண்டிருக்கிறேன்.

உடன்பிறந்தவர் இல்லாதவர்களுக்கும், இருந்தும் பயனில்லாதவர்களுக்கும் ஊர்தான் வழி. நம் பக்கத்து ஊர்களில் கோயில் கொடைத் திருவிழா எப்படி நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தலைக்கட்டு வரி விதித்து, மும்பையில் இருப்பவரிடமும் வசூலித்து, வில்லுப்பாட்டுக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு என்று பைசா பிசகாமல் கணக்கு வாசிக்கிறோம். இதே ஒழுங்கில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும், தெருவுக்கு நாலைந்து பேர் முறைவைத்து, கிடையாக ஒருவர் இருக்கும் வீட்டில் வாரத்துக்கு ஒரு மாலை போய் உட்கார்ந்துவிடலாம். சபையிலிருந்து ஜெபிக்க வருகிறவர்களும் ஜமாஅத்திலிருந்து நலம் விசாரிக்க வருகிறவர்களும், வந்த இடத்தில் இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்தால், அந்த வீட்டுப் பெண் பேங்குக்கோ டாக்டரிடமோ போய்வந்துவிடுவார். வாராவாரம் கூடுகிற மகளிர் குழுக்கள், கடன் தவணை பேசி முடித்த பிறகு இதையும் பேசலாம்.

இதைச் சொன்னதும் இரண்டு மறுப்புகள் வருகின்றன. வேற்று ஆளை எப்படி வீட்டுக்குள் விடுவது என்பது ஒன்று; அம்மாவே ஒத்துக்கொள்ளமாட்டாள் என்பது மற்றொன்று. முதலாவதற்கு, தெருக்காரர் வேற்று ஆள் இல்லை என்பதே என் பதில். அப்படியும் தயக்கம் இருந்தால் இரண்டு பேராகப் போகட்டும், பீரோச் சாவியை வீட்டுக்காரரே எடுத்துக்கொண்டு போகட்டும். இரண்டாவது, பொருட்படுத்த வேண்டிய மறுப்பு. தன் உடம்பை வேறொருவர் பார்ப்பதில் எந்தத் தாய்க்கும் கூச்சம் இருக்கும், அதை மதித்தே ஆக வேண்டும். ஆகவே தொடக்கத்தில் தொட்டுச் செய்கிற வேலை எதையும் வருகிறவரிடம் விட வேண்டாம். பேசிக்கொண்டோ, பேப்பர் வாசித்துக் காட்டிக்கொண்டோ இருந்து, தேவைப்பட்டால் போன் செய்து கூப்பிட்டால் போதும். பழகிய பிறகு என்ன செய்யலாம், யார் செய்யலாம் என்பதைப் படுத்திருக்கிறவரே சொல்வார்.

எங்கள் ஊர்க் கொடைக்கான வரிக் கூட்டத்தில் இதை ஒரு கோரிக்கையாகவே வைக்க இருக்கிறேன். வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் இந்த முறை வரிப்பணத்தோடு, தாங்கள் விடுமுறைக்கு வரும் தேதியையும் எனக்கு அனுப்புங்கள். எந்த மாலைக்கு எந்த வீடு என்று முறை எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.