எழுபது வாரக் கணக்கு அனுப்பும் சகோதரர்களுக்கு

இஸ்ரேலில் சண்டை என்று செய்தி வந்தால் போதும், திருகோணமலையில் நம் சபை வட்ஸ்அப் குழுக்களில் இயேசு எந்த வருஷம் திரும்ப வருவார், உலகம் எப்போது முடியும் என்று கணக்குப் போட்ட கடைசி கால அட்டவணை சுற்றத் தொடங்கிவிடும். 2022இல் பெற்றோலுக்கு கியூஆர் வந்தபோது அதுதான் வெளிப்படுத்தல் புத்தகம் சொல்லும் மிருகத்தின் 666 முத்திரை என்றார்கள், பிறகு அதே கியூஆரைக் காட்டித்தான் பெற்றோலும் அடித்தார்கள். சரி, அதை விடுவோம்.

இயேசு திரும்ப வருவார் என்று நானும் விசுவாசிக்கிறேன். என் சண்டை கணக்கோடுதான். வேதாகமத்தில் தானியேல் 9இல் தீர்க்கதரிசனமாகச் சொல்லப்பட்ட எழுபது வாரங்களை, ஒரு நாளுக்கு ஒரு வருஷம் என்று வைத்து 490 வருஷம் என்கிறார்கள், ஒப்புக்கொள்வோம். எங்கிருந்து எண்ணுவது? எருசலேமைக் கட்டக் கட்டளை பிறந்தது முதல் மேசியா வரும்வரை 69 வாரம் என்கிறது வசனம். பாரசீக அரசன் கோரேஸின் கட்டளை கி.மு. 538, எஸ்றா 7இல் வருவது 457, நகரைக் கட்ட நெகேமியாவுக்குக் கிடைத்த அனுமதி 445. 457இல் தொடங்கினால் 69 வாரம், அதாவது 483 வருஷம், இயேசுவின் காலத்துக்குள், கி.பி. 27இல் முடிகிறது. 445இல் தொடங்கினால் இயேசுவின் காலத்தைத் தாண்டிப் போய்விடுகிறது, அதனால் வருஷத்துக்கு 360 நாள் என்று சுருக்கி கி.பி. 32க்குக் கொண்டுவருகிறார்கள். விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்குப் போடுகிற வேலை இது! மிச்சமுள்ள ஒரு வாரத்தை மட்டும் கழற்றி, நடுவே ஏறக்குறைய 2000 வருஷ இடைவெளி விட்டு, உலக முடிவில் ஒட்டுவதற்கு அந்த அதிகாரத்தில் எந்த வசனம் இருக்கிறது? அந்த முறையைப் பரப்பியவர் 19ஆம் நூற்றாண்டின் பிரசங்கியார் ஜோன் நெல்சன் டார்பி, 1909இல் வந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் குறிப்புகளால் அது ஊரெல்லாம் போனது.

அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லர் தானியேல் 8:14இன் 2300 நாளை அதே 457இல் தொடங்கி எண்ணினார், அவரைப் பின்பற்றியவர்கள் 1844 ஒக்டோபர் 22ஆம் திகதி இயேசு வருவார் என்று காத்திருந்து, வராததால் அழுதார்கள். இவையெல்லாம் நடக்குமுன் இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்று இயேசு சொன்னதை வைத்து, 1948இல் இஸ்ரேல் உருவானது, ஒரு சந்ததி 40 வருஷம், ஆகவே 1988 என்றார்கள், அதுவும் போனது. இப்போது சந்ததி என்பது 80 வருஷமாம், கூட்டிப் பாருங்கள், 2028! எப்படிக் கூட்டினாலும் முடிவு நம் ஆயுளுக்குள்தான் விழுகிறது, பேரப்பிள்ளைகள் காலத்தில் விழுந்தால் யார் பகிர்வார்கள்?

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறு இடத்தில். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் லூக்கா 21:25ஐ வாசித்து, அலைகள் முழங்கும் என்று எழுதியிருக்கிறதே, பார்த்தீர்களா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று சொல்கிறவர்களால் கலங்காதிருங்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினாரே, அதை ஏன் ஒருவரும் வாசிக்கவில்லை? வெளிப்படுத்தலும் முதலில் ரோம ஆட்சியின் கீழ் அடிபட்ட ஏழு சபைகளுக்கு ஆறுதலாகப் போன கடிதம்தானே.

போன வருஷம் உயர்தரப் பரீட்சை எழுத இருந்த ஒரு தம்பியிடம், வருகை கிட்டிவிட்டது, கம்பஸ் எதற்கு என்று ஓர் ஊழியக்காரர் சொல்லியிருக்கிறார், அவரோ அப்போது தன் காணிக்கு மதில் கட்டிக்கொண்டிருந்தார். ஆகவே அட்டவணை அனுப்புகிறவர்கள் எந்தக் கட்டளையிலிருந்து எண்ணினீர்கள், ஏன் அதிலிருந்து என்பதையும் சேர்த்து அனுப்புங்கள், அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர யாரும் அறியார் என்கிற மத்தேயு 24:36ஐ என்ன செய்தீர்கள் என்பதையும்.