மேற்கோள் யாருடையது?

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரை எழுதும் மாணவர் முதலில் குறிப்புச் சட்டகம் வரைவார். முன்னுரை, நான்கைந்து உட்தலைப்புகள், முடிவுரை என்று வரிசைப்படுத்துவார். ஒவ்வோர் உட்தலைப்பின் கீழும் ஒரு குறளையோ பாரதியின் ஓரடியையோ எழுதி அடிக்கோடிடுவார். அந்த அடிக்கோடுகளைக் கண்ணால் எண்ணி மதிப்பெண் இடும் பழக்கம் விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களிடம் வேரூன்றியிருக்கிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் திருத்தினேன். இன்று அதைத் தவறென்று கருதுகிறேன். கையெழுத்தும் நடையும் நன்றாக இருக்கும் கட்டுரைகளில்கூட, எழுதியவர் எதை ஏற்கிறார், எதனால் ஏற்கிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலும் விடை இருப்பதில்லை.

மேற்கோள் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பள்ளியில் இன்று அதற்குப் பிறர் கூற்றை எடுத்தாளுதல் என்பது மட்டுமே பொருள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்திலோ 12 நூற்பாக்களின் பொருளும் மேற்கோள், ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்ற முறையில் நிறுவப்படுகிறது. அங்கே மேற்கோள் என்பது ஆசிரியர் தாமே மேற்கொள்ளும் கருத்து, அதாவது நிறுவிக்காட்டும் பொறுப்பைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டு அவர் சொல்லும் கூற்று. ஒருவர் தாமே ஏற்று நிற்க வேண்டிய இடத்துக்கு உரிய சொல், இன்னொருவரின் வரியைக் கொண்டுவந்து வைப்பதற்கு உரியதாகிவிட்டது. சொற்கள் பொருள் மாறுவது இயல்பு. அதற்காக நான் வருந்தவில்லை. பழைய பொருள் குறித்த அந்தச் செயலையே மாணவர்களுக்குக் கற்றுத்தர மறந்துவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

தமிழுக்கு அது புதிய பாடமும் அன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவியான அறவண அடிகள் மணிமேகலைக்கு வாதத்தின் உறுப்புகளைப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்தாகப் பிரித்து விளக்குகிறார். இம்மலை நெருப்புடையது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை உடையதாதலால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. உபநயம், நிகமனம் ஆகிய இறுதி இரண்டும் திட்டாந்தத்துள் அடங்கும் என்றும் அவரே சொல்லிவிடுகிறார். இவை ஒவ்வொன்றும் பிழைபடும் வகைகளைப் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று தனித்தனியே அடுக்குகிறார். காரணம் போலத் தோன்றிக் காரணம் ஆகாத ஒன்றைக் குறிக்க ஏதுப்போலி என்ற ஒரு சொல் நம்மிடம் இருந்திருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் ஏக்கமும் சேர்ந்தே வருகின்றன.

ஆயினும் வகுப்பில் நான் இந்தக் கலைச்சொற்களிலிருந்து தொடங்குவதில்லை. மாணவர்களுக்கு உண்மையாகவே வலிக்கும் ஒரு செய்தியிலிருந்து தொடங்குகிறேன். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பினர் ஒரு குறையோடு வந்தார்கள். வாரத்தில் இருந்த இரண்டு உடற்கல்விப் பாடவேளைகளும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகின்றன என்றார்கள். தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுங்கள் என்றேன். அவர்கள் கொண்டுவந்த முதல் வரைவில் நோயற்ற வாழ்வைப் பற்றிய பழமொழி இருந்தது, விளையாட்டின் பெருமை ஒரு பக்கம் இருந்தது, கோரிக்கை மட்டும் கடைசி வரியில் ஒதுங்கி நின்றது.

கோரிக்கையை முதலில் கரும்பலகையில் எழுதச் சொல்லி, ஏன் என்று கேட்டேன். விளையாடினால் மனம் தெளியும், தெளிந்த மனத்தில் பாடம் ஏறும் என்றான் ஒரு மாணவன். அப்படியானால் மாலையில் விளையாடினால் போதாதா என்று கேட்டேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "மாலையில் திடலில் பையன்கள்தான் விளையாடுவார்கள், ஐயா. நாங்கள் ஐந்து மணிப் பேருந்தை விட்டால் ஊருக்கு வேறு பேருந்து இல்லை. வீட்டுக்குப் போனால் வேலை இருக்கும். எங்களுக்கு அந்த இரண்டு பீரியட்தான்" என்றாள்.

அந்த மாணவன் சொன்னதும் இந்த மாணவி சொன்னதும் காரணங்கள்தாம், ஆனால் இரண்டும் ஒரே எடையுள்ளவை அல்ல. விளையாட்டு நல்லது என்பதைக் கணக்காசிரியரும் மறுக்க மாட்டார். இருபுறமும் ஒப்புக்கொள்ளும் ஒன்று இந்த வழக்கைத் தீர்க்க உதவாது. அந்த மாணவி சொன்னதோ கரும்பலகையில் இருந்த கூற்றை நேரே தாங்கிப் பிடித்தது. அது எப்படித் தாங்குகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னதில் அன்றைய பாடவேளையின் பெரும்பகுதி கழிந்தது. பள்ளியில் மட்டுமே கிடைக்கும் ஒன்றைப் பள்ளியே எடுத்துவிடக் கூடாது என்ற வாக்கியத்தை அவர்கள் பல முறை திருத்தி எழுதி அடைந்தார்கள். அதற்கு முன் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அது இல்லாமல் அவள் சொன்ன காரணம் கோரிக்கையைச் சென்று சேராது. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் வெளியிட்ட நூலில், தரவையும் முடிவையும் இணைக்கும் இந்தப் பொது விதியைத் தனி உறுப்பாகப் பிரித்துக் காட்டினார். மணிமேகலையில் அடுக்களை செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான். புகை இருக்குமிடத்தில் நெருப்பு இருக்கும் என்ற விதியை நாம் கண்டறிந்த இடம் அது. என் அனுபவத்தில் மாணவர்கள் மிகவும் தடுமாறுவதும், பிடிபட்டபின் மிகவும் மகிழ்வதும் இந்த உறுப்பிடம்தான்.

உறுப்புகளை அடையாளம் காணத் தமிழின் உருபுகளும் இணைப்புச் சொற்களுமே உதவுகின்றன என்பதை மொழியாசிரியர்கள் இன்னும் நன்றாகப் பயன்படுத்தலாம். ஆல், ஆதலால், எனவே, ஆயினும் ஆகியவை வாதத்தின் மூட்டுகள். அவற்றிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மழை பெய்ததால் தரை நனைந்தது என்பதிலும், தரை நனைந்திருப்பதால் மழை பெய்திருக்க வேண்டும் என்பதிலும் வருவது ஒரே ஆல் உருபு. முன்னது நிகழ்வுக்குக் காரணம் சொல்கிறது, பின்னது நாம் அறிந்துகொண்டதற்குக் காரணம் சொல்கிறது. தண்டியலங்காரம் ஏது அணியைக் காரக ஏது, ஞாபக ஏது என்று பிரிப்பது இந்த வேறுபாட்டைத்தான். அணியிலக்கணப் பாடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோகும் இந்தப் பிரிவை, நாளிதழ்ச் செய்தி ஒன்றைக் கையில் கொடுத்து, எந்த ஆல் எந்த வகை என்று பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். தண்ணீர்க் குழாயும் தரையை நனைத்திருக்கலாமே என்று கேட்கும் மாணவர் அன்றே கிடைப்பார்.

மறுப்பை எதிர்கொள்ளும் உறுப்புத்தான் நம் பள்ளிகளில் முற்றிலும் விடுபட்டுப்போனது. கட்டுரைக்கு ஒரு பக்கம் மட்டுமே உண்டு. பட்டிமன்றத்திலோ அணி பிரித்துக் கொடுத்துவிடுகிறோம், எதிரணியின் வலுவான கருத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டிய தேவை பேச்சாளருக்கு எழுவதில்லை. பட்டிமன்றம் கூச்சத்தைப் போக்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நன்னூல் எழுவகை மதங்களில், அதாவது நூலாசிரியர் கைக்கொள்ளும் ஏழு கொள்கைகளில், ஒன்றாகப் "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு" என்பதை வைத்திருக்கிறது. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் நீக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஆகவே எங்கள் வகுப்பில் எதிர்த்தரப்பின் காரணத்தை முதலில் எழுத வேண்டும், எதிர்த்தரப்பில் இருப்பவர் அதைப் படித்து, ஆம், நான் சொல்வது இதுதான் என்று ஒப்ப வேண்டும், அதன் பிறகே மறுக்கலாம் என்று விதி வகுத்தோம். பாடத்தை முடிக்க நேரம் போதவில்லை என்ற கணக்காசிரியரின் நிலையை அவர்கள் எழுதியபோது, கோரிக்கையின் சொற்களே மாறின. எப்போதும் எடுக்கக் கூடாது என்றிருந்தது, பொதுத்தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம் நீங்கலாக எடுக்கக் கூடாது என்றாயிற்று. பின்வாங்குவது போல இருக்கிறதே என்று ஒருவன் வருந்தினான். காக்க முடிந்த அளவுக்குச் சொல்வதே வலிமை என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கட்டுரைக்கான மதிப்பெண்ணில் பாதியையாவது, தனக்கென ஒரு கூற்று, அதைத் தாங்கும் காரணம், எதிர்க்கருத்துக்கு நேர்மையான விடை ஆகிய மூன்றுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இப்படித் திருத்த நேரம் அதிகம் ஆகும், ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் வேறுபடும் என்று சக ஆசிரியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அடிக்கோடுகளை எண்ணும் முறையில் நாம் அனைவரும் ஒரே மதிப்பெண் இட முடிவதற்குக் காரணம், அங்கே மதிப்பிட வேண்டிய சிந்தனை எதையும் நாம் கேட்கவில்லை என்பதுதான். குறளை எடுத்தாளக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. மாணவர் தம் கூற்றை முதலில் ஏற்று நிற்கட்டும். குறள் அதற்குச் சான்றாக வரட்டும்.

அந்த விண்ணப்பம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. தலைமையாசிரியர் அதைக் கணக்காசிரியரிடமே கொடுத்தார். அவர் படித்துவிட்டு, ஒரு பாடவேளையை விட்டுக்கொடுப்பதாகவும், மற்றொன்றையும் விட்டால் பாடம் முடிக்க வேறு எந்த நேரத்தைத் தருவீர்கள் என்றும் அதன் அடியில் எழுதி, வகுப்புக்கே திருப்பி அனுப்பினார். மறுநாள் நான் உள்ளே நுழைந்தபோது அவர்கள் கால அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி முடித்திருந்தார்கள்.