தொலைநோக்கு இல்லாதது எங்கட பெடியளுக்கா?

சனிக்கிழமை கிளிநொச்சியில் நடந்த கூட்டத்தின் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யார் பேசினார், யார் கூப்பிட்டார்கள் என்று திரும்பவும் எழுதவில்லை. "வன்னிப் பெடியளிட்டத் திறமை இருக்கு, தொலைநோக்கு இல்லை. என்ன செய்யப்போறாய் எண்டு கேட்டால் அரசாங்க வேலை எண்டுதான் சொல்லுகினம்" என்றார் பேச வந்தவர். முன்வரிசை கைதட்டியது. நான் பிள்ளைகளோடு பின்னால் இருந்தவன். ஒரு பிள்ளையும் கைதட்டவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் காட்டிய உதாரணம் ஸ்டீவ் ஜொப்ஸ். படிப்பை இடையில் விட்டவர், வீட்டுக் கராச்சில் தொடங்கியவர், கனவு கண்டவர். சரி, மிச்சக் கதையை ஏன் விட்டார்? 1976இல் அப்பிள் தொடங்கிய கையோடு, பைட் ஷொப் என்ற கடை 50 கணினிக்கு, ஒன்று 500 டொலர்ப்படி ஓடர் கொடுத்தது. அந்த ஓடரை நம்பி உதிரிப்பாகக் கம்பனி 30 நாள் தவணையில் சாமான் கொடுத்தது. கணினியை வடிவமைத்தவர் கூட்டாளி வொஸ்னியாக். அடுத்த வருடம் மைக் மார்க்குலா என்ற முதலீட்டாளர் வந்து 2 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குப் பொறுப்பு நின்றார். 1985இல் ஜொப்ஸை அவருடைய கம்பனியே ஒதுக்கியது. அவர் நெக்ஸ்ட் என்ற கணினிக் கம்பனியைத் தொடங்கினார், 1986இல் பிக்சார் என்ற கணினி வரைகலைக் கம்பனியை வாங்கினார். இரண்டுக்கும் வருடக்கணக்காகச் சொந்தக் காசைக் கொட்டினார். கொட்டுவதற்குக் காசு இருந்தது. 1997இல் அவர் அப்பிளுக்குத் திரும்பியபோது கம்பனி தள்ளாடிக்கொண்டிருந்தது. போட்டிக்காரரான மைக்ரோசொப்ட்டே 150 மில்லியன் டொலர் முதலிட்டது. ஐபோன் வந்தது 2007இல்.

அந்த மனிதரின் திறமையை நான் குறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருவர் ஓடர் கொடுத்தார், ஒருவர் கடன் கொடுத்தார், ஒருவர் பொறுப்பு நின்றார். தொலைநோக்குள்ள நிறுவுநர் என்று யாரைக் கொண்டாடினாலும் முதலில் இதைக் கேளுங்கள்: அவர் விழுந்தபோது நட்டத்தை யார் சுமந்தது? எங்கட பெடியன் விழுந்தால் யார் சுமப்பது?

என் சித்தியின் மகன், எனக்குத் தம்பி முறை, விசுவமடுவில் இருக்கிறான். கூலிக்குக் கச்சான் (நிலக்கடலை) உடைக்கிற பெண்களின் பெருவிரலைப் பார்த்திருக்கிறீர்களா? நகம் தேய்ந்து, ஓரம் வெடித்து, உப்புப் பட்டால் எரியும். சித்தியின் விரல் அப்படித்தான் இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவன், பழைய மோட்டார் ஒன்றையும் சைக்கிள் செயினையும் கம்பி வலையையும் வைத்து ஒரு மெசின் செய்தான். வெல்டிங் கடைக்காரரிடம் கெஞ்சி, கடை பூட்டின பிறகு இரவில் செய்த வேலை. முதலில் கோதோடு சேர்த்துப் பருப்பையும் நொறுக்கியது. பிறகு பழைய சைக்கிள் டயரை வெட்டி உருளையைச் சுற்றி அடித்தான். பருப்பு முழுசாக விழத் தொடங்கியது.

இன்னும் நாலு மெசின் செய்ய வங்கிக்குப் போனான். அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணைக்குக் கூட்டிவரச் சொன்னார்கள். காணியை ஈடு வைக்கிறேன் என்றான். அது பெர்மிற் காணி, அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுபட்ட காணியை உறுதிக் காணிபோல நினைத்தபடி ஈடு வைக்க முடியாது. குடியேற்றத் திட்டங்களில் வாழ்கிற எங்கட சனத்தில் எத்தனை பேருக்கு இதே கதை! பிணை கேட்காமல் காசு தந்தது நுண்கடன் கம்பனி மட்டும்தான். அந்தக் கடன் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது.

அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் என்ற பெண் 19 வயதில் படிப்பை விட்டுவிட்டுத் தெரானோஸ் தொடங்கினார். சொன்னபடி வேலை செய்யாத இரத்தப் பரிசோதனை மெசினுக்குப் பல நூறு மில்லியன் டொலர் கொடுத்தார்கள். தொலைநோக்கு என்று புகழ்ந்தார்கள். 2022இல் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பானது. வேலை செய்கிற கச்சான் மெசினுக்கு இங்கே ஒரு கையெழுத்துக் கிடைக்கவில்லை. இதில் யாருக்குத் தொலைநோக்கு இல்லை?

அரசாங்க வேலை மோகம் என்கிறீர்கள். கடன் எடுக்க அரசாங்க உத்தியோகத்தரின் கையெழுத்து வேண்டும் என்று வைத்திருக்கிற ஊரில், வீட்டுக்கு ஒரு அரசாங்க உத்தியோகத்தர் வேண்டும் என்று ஒரு தாய் நினைப்பது மோகமா? அவள் பத்து வருடம் முன்னால் பார்க்கிறாள்.

"ஸ்ரீதர் வேம்பு கிராமத்தில் இருந்து செய்யவில்லையா" என்று காணொளிக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். ஸோஹோ மென்பொருள் கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் வேம்பு. வேம்பு மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர் சென்னை ஐஐடியிலும் பிரின்ஸ்டனிலும் படித்து, குவால்கொம் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பக் கம்பனியில் வேலை பார்த்தவர். கம்பனி தொடங்கியது 1996இல். அது காலூன்றிப் பல வருடம் கழித்துத்தான் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தார்கள். கம்பனியோடு கிராமத்துக்கு வருவது வேறு, கிராமத்தில் ஒன்றுமில்லாமல் தொடங்குவது வேறு.

பேசியவர் நல்ல மனதோடு வந்தவர் என்று சொல்பவர்களுக்கு: இருக்கட்டும். நல்ல மனதோடு சொன்னாலும் பிள்ளைக்கு வலிக்கும்.

"எல்லாத்துக்கும் சண்டையைச் சாட்டாதேங்கோ" என்று அடுத்தது வரும். இவ்வளவு நேரமும் நான் சண்டையைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. நீங்கள் கேட்டால் எழுதுகிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் இது. சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோ கேட்ட சனம். 2009 தையில் தருமபுரத்தை விட்டு வெளிக்கிடும்போது அப்பா வாட்டர் பம்புக்குக் கிறீஸ் பூசி, பொலித்தீனால் சுற்றிக் கட்டி, கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தார். ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அம்மா கத்திக்கொண்டு நின்றார். அப்பாவோ திரும்பி வந்து தோட்டம் செய்வதைப் பற்றி யோசித்தார். மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து வந்து தோண்டினால் பம்ப் இல்லை. வாடகைப் பம்பில் இறைத்து மிளகாய் வைத்தார். அந்த மனிதரின் ஊரில் வந்து நின்றுதான் எங்களுக்குத் தூரப் பார்வை இல்லை என்கிறீர்கள்.

கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது தம்பி பின்னால் இருந்து கேட்டான், "அண்ணை, உண்மையா எனக்கு அது இல்லையோ?" எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருடமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாருங்கள். பேச்சாளரைக் கூட்டிவர எடுக்கும் காசில் அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கு ஒரு ஓடர் கொடுங்கள், பாதிக் காசை முன்பணமாக வையுங்கள். இல்லையென்றால் இரண்டு பேர் பிணைக்குக் கையெழுத்து வையுங்கள். கச்சான் மெசின் இப்போதும் ஓடுகிறது. விசுவமடுவுக்கு வந்து ஓட்டிப் பார்க்க விரும்புபவர்கள், வாங்க விரும்புபவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். தம்பியோடு கதைக்க ஒழுங்கு செய்து தருகிறேன்.