இணைப்புக் கொடுப்பவரின் பொறுப்பு எது வரை?

படம் வெளியான அன்றே திருட்டுப் பிரதி வந்துவிடுகிறது. உடனே, “இந்த நெட் கம்பெனிக்காரர்களை முதலில் உள்ளே போடணும்” என்று பேச்சு கிளம்புகிறது. நான் எடிட்டிங் வேலை பார்த்துப் பிழைப்பவன். படம் நஷ்டமானால் பாக்கிச் சம்பளம் நின்றுபோகிற வரிசையில் நானும் இருக்கிறேன். இருந்தும், இந்தக் கோபம் தப்பான ஆள் மேல் பாய்கிறது என்றே நினைக்கிறேன்.

2012-ல் ‘3’ படம் வெளியாகும் நேரத்தில் தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் ‘ஜான் டோ’ உத்தரவு வாங்கியது. யார் என்றே தெரியாத ஆட்களுக்கு எதிராக முன்கூட்டியே வாங்கும் தடை அது. மே மாதம், நமக்கு நெட் இணைப்புக் கொடுக்கும் பல இணைய நிறுவனங்கள் இப்படிப்பட்ட உத்தரவுகளைக் காட்டி விமியோ, டெய்லிமோஷன் போன்ற வீடியோ தளங்களை அப்படியே மூடிவிட்டன. விமியோ அப்போது குறும்படக்காரர்களின் புகலிடம். தங்கள் வேலையின் மாதிரித் தொகுப்பான ஷோ ரீலின் லிங்க்கை அனுப்பிவிட்டு, கூப்பிடுவார்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த உதவி எடிட்டர்களை எனக்குத் தெரியும். அந்த லிங்க்கைத் திறந்தவருக்குக் கிடைத்தது, நீதிமன்ற உத்தரவுப்படி தளம் முடக்கப்பட்டிருக்கிறது என்கிற ஒற்றை வரி. எந்த வழக்கு, யாரிடம் போய்க் கேட்பது, ஒன்றும் கிடையாது. சொந்த உழைப்பை ஏற்றிவைத்த பையன், பார்க்கிறவர் கண்ணுக்குத் திருட்டு வீடியோ போட்டவன் மாதிரி ஆகிவிட்டான்.

நிறுவனங்கள் நீதிமன்றத்தை நாடின. திருட்டு வீடியோ இருக்கும் குறிப்பிட்ட பக்கங்களின் முகவரிகளை மட்டும்தான் முடக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நல்ல தீர்வுதான். ஆனால் இன்று அது முன்போல் உதவாது. காரணம், இப்போது பெரும்பாலான தளங்கள், தகவலைப் பூட்டி அனுப்பும் ‘எச்டிடிபிஎஸ்’ முறைக்கு மாறிவிட்டன. உறை ஒட்டிய கடிதம் மாதிரி. எந்தத் தளத்துக்குப் போகிறது என்பது வரைதான் இணைய நிறுவனத்துக்குத் தெரியும், அங்கே எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஒரு வீடியோவை மட்டும் தடு என்றால் அவர்களால் முடியாது. மூடினால் தளம் முழுக்க மூட வேண்டும்.

தரவைக் கடத்துபவர் வேறு, வீடியோவை வைத்திருப்பவர் வேறு என்கிற வித்தியாசத்தைச் சட்டம் புரிந்துதான் வைத்திருக்கிறது. அதே 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, தரவைக் கடத்தும்போது தொழில்நுட்பக் காரணத்தால் ஏற்படும் தற்காலிகச் சேமிப்பை மீறலாகக் கருதுவதில்லை. படைப்புக்கு அணுகல் தரும் தளங்களைப் பொறுத்தவரை, உரிமையாளர் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளில் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம். என் கணக்கில் முதல் பொறுப்பு வீடியோவை வைத்திருக்கும் தளத்துக்குத்தான், இணைப்புக் கொடுப்பவருக்கு அல்ல.

திருட்டுக்காகவே நடக்கிற தளங்கள் வேறு ரகம். அவற்றை முழுதாக மூடுவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றம், அப்படிப்பட்ட தளம் பெயரை மாற்றிக்கொண்டு வந்தாலும் தடை தொடரும்படி வழி செய்தது. சரிதான். ஆனால் ‘2.0’ படம் வந்தபோது 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கச் சொல்லி இங்கே சென்னையில் உத்தரவு வந்ததே, அந்தப் பட்டியலை யார் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்க முடியும்? அத்தனைக்குப் பிறகும் படம் வெளியான அன்றே திருட்டுப் பிரதி வந்துவிட்டது.

2016-ல் ‘டிஷூம்’ இந்திப் படத்துக்குத் தடை கேட்டபோது, பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் பட்டியலைச் சரிபார்த்துக் கொண்டுவரச் சொன்னார். முடக்கிய பக்கத்தில் வழக்கு விவரம் காட்டவும் சொன்னார். சென்னையிலும் நான் கேட்பது அதுதான். அதோடு இன்னொன்றும் வேண்டும்: சம்பந்தமில்லாத தளத்தைப் பட்டியலில் சேர்த்தால், அந்த நஷ்டத்தைத் தடை வாங்கிய தயாரிப்பாளர் ஈடுகட்ட வேண்டும். எனக்குச் சம்பளம் கொடுக்கும் தயாரிப்பாளராக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.