பெஞ்சை எதற்குப் போட்டீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நடந்தது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பூங்கா என்பதும் தெரியும், பெயர் வேண்டாம். பெரியவர்கள் ஐந்து பேர் வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். பூங்காக்காரர்கள் விசில் ஊதி, "நடக்கறதுன்னா நடங்க, இல்லீன்னா கெளம்புங்க. கும்பலா உக்காரக் கூடாதுங்க" என்று எழுப்பி அனுப்பினார்கள். 'ங்க' போட்டுத்தான் விரட்டினார்கள். கோயமுத்தூர் மரியாதை!

பூங்கா உட்காருவதற்கும்தான். 8 வடிவத்தில் நடைபாதை போட்டீர்கள், உடற்பயிற்சிக் கருவிகள் வைத்தீர்கள், சந்தோஷம். எனக்கும் சர்க்கரை உண்டு, அதே எட்டில் தினமும் நானும்தான் சுற்றுகிறேன். ஆனால் உட்காரக் கூடாது என்றால் பெஞ்சு எதற்கு? காக்காய் உட்காரவா?

எங்கள் சின்ன வயதில் வீட்டுக்கு ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்தால் வ.உ.சி. பூங்காவுக்குத்தான் போவோம். கூழைக்கடா, முதலை, மான் எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி இரண்டு மணி நேரமும் உட்கார்ந்து அம்மா தூக்குப்போசியில் கொண்டுவந்த அரிசியும் பருப்பும் சாதம், ஊர்க்கதை. என் சித்திக்கு மாப்பிள்ளை பேசி முடித்ததே அங்கே ஒரு மரத்தடியில்தான். 2022-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அங்கிருந்த மிருகக்காட்சி சாலையின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. அந்தக் கூண்டுகளில் அவை பட்ட பாட்டுக்கு அதுவும் சரிதான். மிருகங்களுக்கு இடம் போதாது என்று கவலைப்பட ஓர் ஆணையம் இருக்கிறது. கிழவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

"குப்பை போடுகிறார்கள்" என்பீர்கள். கடலை மடித்த காகிதம்தானே, தொட்டி வையுங்கள். "சீட்டாடுவார்கள், குடிப்பார்கள்" என்பீர்கள். குடிக்கிறவனை விரட்டுங்கள், நானே கூட வருகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குச் சட்டைப் பையில் மாத்திரையோடு வருகிறவரிடம் ஏன் விசில்? கும்பலாக ஆண்கள் இருந்தால் அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது என்று ஒரு தோழி எழுதியிருந்தார். அது நியாயம், யோசிக்க வேண்டியதுதான். ஆனால் "வீட்டில் உட்கார்ந்து பேசலாமே" என்று அறிவுரை சொன்ன புண்ணியவான் மட்டும் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் வரட்டும். ஒற்றைப் படுக்கையறை, பேரனுக்கு ஆன்லைன் டியூஷன், டிவியில் சீரியல். எங்கே ஐந்து நாற்காலி போடுவது?

ஆமாம், அந்த ஐந்தில் ஒருவர் என் அப்பா. 31 வருஷம் ஸ்பின்னிங் மில்லில் மூன்று ஷிப்டும் நின்றே வேலை பார்த்தவர். மில்லை மூடிய பிறகு சங்குச் சத்தமும் இல்லை, சகாக்களும் நாலு திக்குக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த கூட்டாளிகள் கூடும் இடம் அது ஒன்றுதான். அதனால்தான் உனக்குக் கோபம் என்பீர்கள். அதனாலும்தான்! வேறு யாருடைய அப்பாவாவது என்றால் பேசாமல் இருந்திருப்பேனோ என்னமோ.

நம் ஊரின் பெரிய பூங்காவுக்கு யார் பெயர் வைத்திருக்கிறோம்? கூட்டம் கூட்டிப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டு, 1908-ல் இதே ஊர்ச் சிறைக்கு வந்து செக்கிழுத்தவர். அவர் பெயரைப் பலகையில் எழுதுவோம், சிலைக்கு மாலை போடுவோம், நாலு பேர் சேர்ந்து பேசினால் விசில் அடிப்போம். ஐந்து கிழவர்களைச் செக்கிழுத்தவரோடு ஒப்பிடுவதா என்று யாரும் கிளம்ப வேண்டாம். அப்படிச் சொல்லவில்லை. ஏதோ வெசனத்தில் வந்துவிட்டது.

வரும் ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு அதே பெஞ்சில் உட்காரப் போகிறேன். நடக்க மாட்டேன். வருகிறவர்கள் பொரி வாங்கி வாருங்கள், கடலை என் பொறுப்பு. காகிதத்தையும் நானே பொறுக்கிக்கொள்கிறேன்.