மூட்டை தூக்குகிறவன் விஷக்காரன் இல்லைங்க

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு இயற்கை விவசாயக் கூட்டம்; எந்த ஊர், யார் நடத்தியது என்று எழுதப் போவதில்லை. கேள்வி கேட்க எழுந்த மஞ்சள் விவசாயி, "யூரியா போடாம எனக்குக் கட்டுபடி ஆகலைங்க" என்று சொன்னார். மேடையில் இருந்தவர், "அப்ப நீங்க விஷம் விக்கிறீங்க" என்றார். கூட்டம் கைதட்டியது. அந்த மனுசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு ஆறவே இல்லை.

குப்பையும், அதாவது தொழு உரமும் வேண்டும், யூரியா மூட்டையும் வேண்டும். குப்பை மண்ணுக்கு, மூட்டை பயிருக்கு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

பயிரின் வேர் தழைச்சத்தை (நைட்ரஜனை) பெரும்பாலும் நைட்ரேட்டாகவும் அம்மோனியமாகவும்தான் எடுத்துக்கொள்கிறது. சாணியை நுண்ணுயிர்கள் சிதைத்து அந்த வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. யூரியாவும் மண்ணில் உடைந்து அங்கேதான் வந்து சேர்கிறது. இது மாட்டிலிருந்து வந்தது, இது மூட்டையிலிருந்து வந்தது என்று வேர் பிரித்துப் பார்ப்பதில்லை.

கணக்கையும் பார்த்துவிடலாம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது ஏறக்குறைய 20 கிலோ. நன்றாக மக்கிய தொழு உரத்தில் அரை சதவீதம் இருந்தால் பெரிது. அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக 4 டன் குப்பை அடிக்க வேண்டும். அதிலும் முதல் போகத்துக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மீதி மெல்ல மெல்லத்தான் வரும். ஒரு மாடு நாளைக்கு 10 கிலோ சாணி போடும் என்று வைத்துக்கொண்டாலும் வருசத்துக்கு மூன்றரை டன், மக்கினால் அது பாதியாகச் சுருங்கிவிடும். ஏக்கருக்கு 5 டன் குப்பை போடச் சொல்கிறார்கள். சரி, அந்த மஞ்சள்காரர் எத்தனை மாடு கட்ட வேண்டும்? மேடையில் இருந்தவர் இதைச் சொல்லியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

அதற்காகக் குப்பை வேண்டாம் என்று நான் சொன்னதாகத் திரிக்காதீர்கள். எங்கள் தோட்டத்தில் குப்பை விழுந்த பக்கமும் விழாத பக்கமும் நடந்து பார்த்தாலே தெரியும். விழாத பக்கம் தண்ணீர் கட்டின மறுநாளே மேலே ஏடு கட்டி வெடித்துக் கிடக்கும். மஞ்சள் வெட்டும்போது கொத்து இறங்காது. குப்பை விழுந்த பக்கம் மண் பொலபொலவென்று வரும், கிழங்கு உடையாமல் வரும். யூரியா இந்த வேலையைச் செய்யாது, எத்தனை மூட்டை கொட்டினாலும் செய்யாது.

கோயமுத்தூரில், இன்றைய வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் இருக்கிறது. தொழு உரமும் ரசாயன உரமும் சேர்த்துப் போட்ட பாத்திதான் விளைச்சலிலும் மண்ணின் கரிமச்சத்திலும் நன்றாக நிற்கிறது. நூறு வருசத்துக்கும் மேலாக நம் மண்ணிலேயே பார்த்த விஷயம் இது.

"யூரியாவால்தான் நிலத்தடி நீர் கெட்டது" என்பீர்கள். அளவு மீறிக் கொட்டினால் கெடும், மறுக்கவில்லை. மூட்டை 266 ரூபாய்க்குக் கிடைப்பதால் பொட்டாஷை விட்டுவிட்டு யூரியாவை மட்டும் அள்ளி வீசுகிறவர்கள் உண்டு. மண்ணின் மேலாகத் தூவி மூடாமல் விட்டுப் போனால் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். பிரித்துப் போடுங்கள், மண்ணைப் பரிசோதித்துப் போடுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். விஷக்காரன் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? அதேபோல மக்காத கோழி எருவைக் கொண்டுவந்து கொட்டினாலும் சூட்டில் பயிர் கருகத்தான் செய்யும். பச்சைச் சாணியைத் தென்னந்தோப்பில் குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டை வைக்கும். இயற்கை என்ற பெயர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

"நம் பாட்டன் பூட்டன் என்ன யூரியாவா போட்டான்?" போடவில்லைங்க. கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்ந்தது, ராத்திரி வயலில் அடைத்துப் புழுக்கை விழப் பட்டி போட ஆடு வந்தது, கொளுஞ்சி என்ற பசுந்தாள் செடியை மடக்கி உழுதார்கள். வருசத்துக்கு ஒரு போகம், அதுவும் மழை பெய்தால். இலங்கையில் 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்த வருசம் முடிவதற்குள் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். இடையில் அடி வாங்கியது விவசாயி.

"நம்மாழ்வாருக்கு எதிராக எழுதுகிறாயா, எந்த உரக் கம்பெனி காசு கொடுத்தது?" என்று நேற்றே ஒருவர் கேட்டுவிட்டார். இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகப் பரப்பிய அய்யா மேல் எனக்கு மரியாதை உண்டு. காசு விஷயத்துக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். என் அம்மாவின் கையைப் பார்த்திருந்தால் நீங்கள் அப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

விடியும் முன்னே எழுந்து, மாடு கட்டுகிற கட்டுத்தாரையைக் கூட்டுவார். சாணியைக் கையால் வழித்துக் கூடையில் போட்டு, தலையில் சுமந்து எருக்குழிக்குப் போவார். மழைக்காலத்தில் கூடையிலிருந்து வழிவது கழுத்து வழியாக முதுகில் இறங்கும். விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகி இருக்கும், அதே கையோடு சோறு பிசைவார். இடுப்பு வலி வந்து மருத்துவர் குனியக் கூடாது என்ற பிறகுதான் மாடுகளை விற்றோம். தம்பி திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். கட்டுத்தாரை காலியானது, மூட்டை வந்தது. எங்கள் ஊரில் பாதி வீட்டுக் கதை இதுதான். மாட்டுச் சாணியின் மகிமையைப் பேசுகிற மேடையில் அதை அள்ளின ஒரு பொம்பளையையாவது உட்கார வைத்திருக்கிறீர்களா? அவர்கள் கூலியை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்? நகரத்தில் இருந்துகொண்டு ரசாயனம் இல்லாத மஞ்சள் வேண்டும் என்கிறீர்கள், கேளுங்கள், தப்பில்லை. விலையும் அதற்குத் தகுந்த மாதிரி கொடுங்கள். குறைந்த விலையும் வேண்டும், மூட்டையும் கூடாது, அள்ளுவதற்கு ஆளும் இல்லை என்றால் நாங்கள் எங்கே போவோம்?

எங்கள் பக்கம் பட்டி போட வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்தியூர், கோபி பக்கம் ஆடு வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். மஞ்சள் வெட்டின பிறகு தோட்டம் சும்மாதான் கிடக்கும். ராத்தங்கலுக்கு இடமும் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கேட்கிற கூலியும் தருகிறோம்.